மணற்பாறையின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஜிர்கான் மணிகளும் அவற்றின் வயதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணற்பாறைக்குப் பூர்வீகம் என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. எங்கோ ஒரு மலை உடைகிறது. மழையும் ஆறும் அதை நொறுக்கி மணலாக்கி இழுத்து வந்து கடலோரத்திலோ ஆற்றுப் படுகையிலோ சேர்க்கின்றன. சில இடங்களில் காற்று அந்த மணலைக் குன்றுகளாகக் குவிக்கிறது. பிறகு மேலே மேலே படிவுகள் ஏறி அழுத்த, மணல் இறுகிக் கல்லாகிறது. உடைந்த அந்த மலை எது, எங்கே இருந்தது என்பதுதான் பூர்வீகக் கேள்வி. பல சமயம் அந்த மலை இன்று இருக்காது. தேய்ந்து சமவெளியாகியிருக்கும், இல்லையென்றால் கண்டம் பிளந்தபோது வேறொரு கடற்கரைக்குப் போயிருக்கும். அது இருந்ததற்கு மிஞ்சிய சாட்சி மணல் மட்டும்தான்.

பழைய முறைகளுக்கும் மதிப்பு உண்டு. பாறையை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்து, குவார்ட்ஸ் எவ்வளவு, ஃபெல்ட்ஸ்பார் எவ்வளவு, பாறைத் துணுக்குகள் எவ்வளவு என்று எண்ணினால், மூலம் கிரானைட்டா எரிமலையா என்று ஓரளவு தெரியும். பாறையில் தெரியும் சாய்ந்த அடுக்குகள் நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லும். ஆனால் உலகத்தில் கிரானைட் மலைகளுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கிரானைட் என்று கேட்டால் இந்த முறைகள் விழிக்கும். மணிகளின் வயதைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் வர ஆரம்பித்தது.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தானே? அதை விட்டுவிட்டு ஜிர்கானை ஏன் தேடுகிறார்கள்?

குவார்ட்ஸ் எப்போது படிகமானது என்று சொல்லும் கடிகாரம் அதற்குள் இல்லை. ஜிர்கானில் இருக்கிறது. ஜிர்கான் என்பது ஜிர்கோனியம் சிலிகேட். கிரானைட் போன்ற பாறைக்குழம்பு குளிரும்போது பொடிப்பொடியாகப் படிகமாகும். அப்படி உருவாகும்போது ஜிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் யுரேனியத்தையும் உள்ளே விட்டுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய விடவே விடாது, அந்த அணு அங்கே பொருந்தாது. ஆக, பிற்பாடு அந்தப் படிகத்துக்குள் காணப்படும் ஈயம் அனேகமாக முழுவதும் யுரேனியம் சிதைந்து உண்டானதுதான்.

இரண்டாவது காரணம் அதன் உறுதி. கடினத்தன்மை 7.5, அதாவது குவார்ட்ஸைவிடச் சற்று அதிகம். வேதிமாற்றத்துக்கும் எளிதில் மசியாது. ஆற்றில் உருண்டாலும், புதைந்து சூடானாலும், திரும்ப வெளியே வந்து மறுபடி அரைபட்டாலும் பிழைத்துக்கொள்ளும். உள்ளே சேர்ந்த ஈயம் கசிந்து வெளியேற, சேதமில்லாத படிகமாக இருந்தால், 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும்.

இந்த உறுதிதான் முறையின் பலம். பெரிய தலைவலியும் அதனால்தான் வருகிறது. கீழே பார்க்கலாம்.

வயது எப்படிக் கணக்காகிறது?

யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 446.8 கோடி ஆண்டு. யுரேனியம்-235 சிதைந்து ஈயம்-207 ஆகிறது. அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டு. ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இன்னொரு கனிமத்தில் இவ்வளவு வசதி கிடைப்பது அபூர்வம்.

100 கோடி ஆண்டு வயதான ஒரு ஜிர்கானை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் இருந்த யுரேனியம்-238 அணுக்களில் நூற்றுக்குச் சுமார் 14 ஈயமாகியிருக்கும். யுரேனியம்-235 அணுக்களில் நூற்றுக்குச் சுமார் 63 ஈயமாகியிருக்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்து, இரண்டும் 100 கோடி என்றே சொன்னால் அந்த வயதை நம்பலாம். சொல்லாவிட்டால் அந்த மணிக்கு ஏதோ நடந்திருக்கிறது. கதிரியக்கத்தால் சேதமடைந்து ஈயத்தை இழந்திருக்கலாம், அப்படியானால் உண்மையைவிட இளமையாகத் தெரியும். பழைய கருவைச் சுற்றிப் புதிய விளிம்பு வளர்ந்திருக்க, அளப்பதற்காகச் சுடும் லேசர் இரண்டையும் சேர்த்துச் சுட்டிருக்கலாம். அப்போது வருகிற எண் எந்த நிகழ்வுக்கும் சொந்தமில்லாத நடுவாந்தர எண். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகும் புள்ளிகளை ஒரு வளைகோடாக வரைந்து, அதிலிருந்து விலகும் மணிகளைக் கண்டுபிடிக்கும் வழியை 1956இல் ஜார்ஜ் வெதரில் கொண்டுவந்தார். இன்றும் ஒவ்வொரு ஆய்விலும் அந்த வளைகோடு இருக்கும். விலகல் 10 சதவீதம் என்ற அளவைத் தாண்டினால் அந்த மணியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம்.

இளைய மணிகளுக்கு 238 கடிகாரத்தையும், சுமார் 100 கோடிக்கு மேற்பட்டவற்றுக்கு ஈயம்-207, 206 ஆகியவற்றின் விகிதத்தையும் எடுப்பார்கள். இயற்கையில் யுரேனியம்-235, 238இல் ஏறக்குறைய 138இல் ஒரு பங்குதான் இருக்கிறது. இளைய மணியில் ஈயம்-207 துல்லியமாக அளக்கும் அளவுக்குச் சேர்ந்திருக்காது.

அப்படியானால் அந்த மணற்பாறை எப்போது உருவானது என்பதும் தெரிந்துவிடுமா?

இல்லை. எல்லோரும் முதலில் குழம்பும் இடம் இது. மணியின் வயது என்பது அது பாறைக்குழம்பிலோ, வெப்பமும் அழுத்தமும் பாறையை மாற்றும் உருமாற்றத்திலோ படிகமான காலம். மணலாக வந்து படிந்த காலம் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மலைகளில் கூழாங்கற்களும் மணலும் இறுகிய பழைய பாறை ஒன்று இருக்கிறது. படிந்தது சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன். அதற்குள் 440 கோடி ஆண்டு வயதான ஜிர்கான் கிடைத்தது. பூமியில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கனிமத் துண்டுகளில் அது ஒன்று. மணிக்கும் அது உட்கார்ந்திருக்கும் பாறைக்கும் நடுவே 140 கோடி ஆண்டு. அந்த மணி பிறந்த பாறை பூமியில் எங்கும் இதுவரை அகப்படவில்லை.

ஆனால் ஒரு பக்க எல்லை கிடைக்கும். பாறையில் இருக்கும் மிக இளைய மணியைவிடப் பாறை பழையதாக இருக்க முடியாது. புதைபடிவங்கள் இல்லாத பாறைகளுக்கு இது பெரிய உதவி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் டேபீட்ஸ் மணற்பாறை என்று ஒன்று உண்டு. அதன் இளைய ஜிர்கான்கள் சுமார் 50.5 கோடி ஆண்டு என்று 2018இல் தெரியவந்தது. அதுவரை நினைத்திருந்ததைவிட அந்தப் பாறை இளையது என்று கணக்கு மாறியது. கேம்பிரியக் காலத்தில், அதாவது சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கிய காலத்தில், கடல் அந்தக் கண்டத்தின் மேல் ஏறிய வேகமும் அதோடு மாறியது.

இளைய மணிகள் இல்லை என்பதும் ஒரு சான்றா?

பாதிச் சான்று. விந்திய மலைகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். கீழ் விந்தியத்தில் இருக்கும் எரிமலைச் சாம்பல் அடுக்குகளை ஜிர்கான் மூலம் கணித்ததில் சுமார் 163 கோடி ஆண்டு என்று வந்தது. மேல் விந்தியம் எவ்வளவு இளையது என்பதில்தான் நீண்ட காலச் சர்ச்சை. அதன் உச்சி ஏறக்குறைய கேம்பிரியக் காலம் வரை வருகிறது என்று பலர் நினைத்தார்கள். 2008இல் வெளிவந்த ஆய்வில் மேல் விந்திய மணற்பாறைகளின் ஜிர்கான்களை எண்ணிப் பார்த்தபோது சுமார் 100 கோடிக்கு இளைய மணிகள் அகப்படவில்லை. அந்த அடுக்குகள் ஏறக்குறைய அப்போதே படிந்து முடிந்திருக்கலாம் என்ற வாதம் அங்கிருந்து வந்தது.

இதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தவறு. 60 கோடி ஆண்டுக்கு முன் படிந்த மணலுக்குக்கூட, அருகில் இளைய கிரானைட் எதுவும் இல்லையென்றால் பழைய மணிகள் மட்டுமே வந்து சேரும். விந்திய வாதத்துக்கு வலு சேர்ப்பது வேறு சான்றுகள். பன்னாவின் வைரம் கிடைக்கும் மஜ்கவான் கிம்பர்லைட் குழாய், அதாவது ஆழத்திலிருந்து மேலெழுந்து உறைந்த பாறைக்குழம்பு, 107 கோடி ஆண்டு வயதானது. அது மேல் விந்தியத்தின் அடிப்பகுதியான கைமூர் மணற்பாறையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. அப்படியென்றால் கைமூர் அதைவிடப் பழையது, இதில் பேச்சுக்கே இடமில்லை. அதோடு, அந்தக் குழாயில் உறைந்திருக்கும் காந்தத் திசையும் மேல் விந்திய அடுக்குகளின் காந்தத் திசையும் நெருங்கி வருகின்றன. மணிகள் இல்லாமை, வெட்டிச் செல்லும் குழாய், காந்தத் திசை என்று மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும்போதுதான் நம்பிக்கை வருகிறது.

ஆய்வகத்தில் கல்லை என்ன செய்வார்கள்?

பொதுவாக இரண்டு மூன்று கிலோ கல் வேண்டும். அதைத் தாடை அரவையில் உடைத்து, வட்டு அரவையில் பொடித்து, சல்லடையில் சலிக்கிறார்கள். இப்போது கையில் இருப்பது வெறும் மணல். ஜிர்கானின் அடர்த்தி 4.6க்கு மேல், குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அடுத்த வேலை முழுவதும் நடக்கிறது. குலுங்கும் மேசையில் தண்ணீர் ஓடவிட்டால் லேசானவை அடித்துப் போகும், கனமானவை தங்கும். அப்புறம் காந்தப் பிரிப்பானில் இரும்புச் சத்துள்ள கனிமங்களை ஒதுக்குவார்கள். கடைசியாகக் கனத்த திரவம். மெத்திலீன் அயோடைடின் அடர்த்தி சுமார் 3.3. அதில் கொட்டினால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அபடைட் எல்லாம் மிதக்க, ஜிர்கான் அடியில் போய் உட்காரும். அந்தத் திரவம் நச்சு. புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். அதனால் பல ஆய்வகங்கள் முடிந்தவரை சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலை வைத்துச் சமாளிக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சிட்டிகைகூட இருக்காது. ஒவ்வொரு மணியும் 50 முதல் 250 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அவற்றை ஒட்டு நாடாவில் தூவி, மேலே எபாக்சி ஊற்றி வட்ட வில்லையாக்கி, மணிகளின் பாதி உயரம் வரை தேய்த்து மெருகேற்றுவார்கள். வெட்டுமுகம் தெரிய வேண்டும், அதற்காகத்தான். பிறகு எலக்ட்ரான் கற்றை படும்போது மணி உமிழும் ஒளியைப் படம் எடுப்பார்கள். அதில் மெல்லிய வளையங்கள், பழைய கரு, பின்னால் வளர்ந்த விளிம்பு எல்லாம் சாம்பல் நிறப் பட்டைகளாகத் தெரியும். லேசரை எங்கே சுடுவது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

தேர்வில் ஒரு நுணுக்கம். அழகான, தெளிவான மணிகளை மட்டும் ஊசியால் பொறுக்கி வைக்கும் பழக்கம் கிரானைட்டின் வயதைக் காண்பதற்குச் சரி. மணற்பாறைக்குக் கூடாது. யுரேனியம் அதிகமுள்ள மணிகள் கதிரியக்கத்தால் மங்கிப் போயிருக்கும். அவற்றை ஒதுக்கினால் ஏதோ ஒரு மூலமலையையே மொத்தமாக ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவதுதான் இங்கே நேர்மை.

எந்தக் கருவி?

மூன்று வகை. அன்றாட வேலைக்கு லேசர்: 20 முதல் 35 மைக்ரான் அகலத்தில் ஒரு குழி போட்டு, கிளம்பும் ஆவியை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் பிளாஸ்மா நிறைமாலைமானிக்குள் அனுப்பும். ஒரு ஜிர்கானுக்குச் சுமார் ஒரு நிமிடம், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் முடிக்கலாம். பிழை 1 முதல் 2 சதவீதம். அயனிக் கற்றைக் கருவி மெதுவானது, ஆனால் குழியின் ஆழம் ஓரிரு மைக்ரான்தான். மெல்லிய விளிம்பை அளக்க அதுவே சரி. கான்பெராவில் உருவான ஷ்ரிம்ப் இந்த வகை. 1983இல் 400 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட முதல் ஜிர்கான்களை மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் நாரயர் பகுதியின் பாறையில் பிடித்தது அதுதான். மூன்றாவது, மணியை அமிலத்தில் முழுக்கக் கரைத்து அளப்பது. பிழை 0.1 சதவீதத்துக்கும் கீழே போகும், ஆனால் உழைப்பு அதிகம். மிக இளைய மணியின் வயதை உறுதி செய்ய மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்ல வழக்கம்.

எந்தக் கருவியானாலும் வயது தெரிந்த ஜிர்கான்களை நடுநடுவே சுட்டு ஒப்பிட வேண்டும். செக் நாட்டின் பிளெஷோவிட்சே ஜிர்கான், 33.7 கோடி ஆண்டு. கனடாவின் '91500' என்ற பெயருள்ள ஜிர்கான், 106.5 கோடி ஆண்டு. இவை எந்த எண் காட்டின என்று எழுதாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

எத்தனை மணிகள் போதும்?

எதைத் தவறவிட்டால் பரவாயில்லை என்பதைப் பொறுத்தது. ஒரு மூலத்திலிருந்து வந்தவை மொத்தத்தில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணியை எடுத்தால் அது அந்த வகையாக இல்லாமல் போக வாய்ப்பு 0.95. 59 மணி எடுத்தால் 0.95ஐ 59 முறை பெருக்க வேண்டும், 0.05க்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது 95 சதவீத நம்பிக்கையோடு ஒன்றாவது அகப்படும். பழைய கட்டுரைகளில் 60 மணி என்று இருப்பது இதனால்தான். ஆனால் 5 சதவீத அளவில் இருக்கும் மூலங்களில் எதுவுமே தப்பக் கூடாது என்றால் கணக்கு கடுமையாகிறது. 2004இல் பீட்டர் வெர்மீஷ் அதைப் போட்டுக் காட்டி 117 என்றார். அப்போதிருந்து 117 ஒரு மந்திர எண் போல ஆகிவிட்டது. இருக்கிறதா இல்லையா என்று அறிய அது போதும். எந்த மூலம் எத்தனை சதவீதம் என்று ஒப்பிட முந்நூறு, அதற்கு மேலும் வேண்டும்.

வயதுகள் கையில் வந்தாச்சு. அதிலிருந்து மலையை எப்படிப் பிடிக்கிறார்கள்?

வயதுகளை ஒரு வளைவரையாக வரைவார்கள். எங்கே மணிகள் குவிகின்றனவோ அங்கே ஒரு முகடு எழும். கண்டத்தின் ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு காலத்தில் உருவானது என்பதால் முகடுகளின் தொகுப்பு இடத்துக்கு இடம் மாறும். வட அமெரிக்காவின் கிழக்கு விளிம்பில் 100 முதல் 120 கோடி ஆண்டு வயதுள்ள கிரென்வில் பாறைகள் ஏராளம். மணற்பாறையின் வளைவரையையும் சாத்தியமான மூலங்களின் வளைவரைகளையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே தொகுதியிலிருந்து வந்திருக்க முடியுமா என்று கோல்மோகோரவ்–ஸ்மிர்னாவ் போன்ற புள்ளியியல் சோதனையால் பார்ப்பார்கள்.

யூட்டா, அரிசோனா பகுதிகளில் செங்குத்தான பாறைச் சுவர்களாக நிற்கும் நவாஹோ மணற்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜுராசிக் காலத்தில் அது பெரிய பாலைவனம். மணல் பக்கத்து மலைகளிலிருந்து வந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2003இல் வில்லியம் டிக்கின்சனும் ஜார்ஜ் கேரல்ஸும் ஜிர்கான்களைப் பார்த்தபோது, அந்தப் பக்கத்து மலைகளால் விளக்க முடியாத அளவுக்குக் கிரென்வில் வயதுகளும், அதற்கு இளைய, கிழக்கிலுள்ள அப்பலாச்சியன் மலைகளின் வயதுகளும் இருந்தன. ஏறக்குறைய பாதி மணல் கண்டத்தின் மறு கோடியிலிருந்து. பெரிய ஆறு ஒன்று கண்டத்தின் குறுக்கே மேற்கு நோக்கிச் சுமந்து வந்து வடக்கே கொட்ட, காற்று தெற்கே தள்ளிக் குன்றுகளாக்கியது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த ஆற்றின் படுகை இன்று கண்ணுக்குத் தெரியாது.

ஒரே வயதுள்ள பாறைகள் இரண்டு இடங்களில் இருந்தால்?

அடிக்கடி இருக்கும். கண்டங்கள் ஒன்று சேர்ந்த காலங்களில் உலகெங்கும் கிரானைட்டுகள் உண்டாயின. 270 கோடி, 190 கோடி, 100 கோடி என்று எந்தக் கண்டத்தைத் தோண்டினாலும் திரும்பத் திரும்ப வரும் வயதுகள் இவை. அதனால், என் கருத்தில், இந்த முறை 'இங்கிருந்து வரவில்லை' என்று சொல்வதில் கெட்டி. 'இங்கிருந்துதான் வந்தது' என்று சொல்லும்போது அது எப்போதும் தற்காலிகத் தீர்ப்பு. கட்டுரைத் தலைப்புகளில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

தீர்ப்பை உறுதியாக்க அதே மணியை இன்னொரு கேள்வி கேட்கலாம். ஜிர்கானில் ஹாஃப்னியமும் இருக்கும். அதன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை வேறுபட்ட ஹாஃப்னியம் அணுக்களின் விகிதம், அந்தப் பாறைக்குழம்பு மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகத்திலிருந்து புதிதாக வந்ததா, பழைய மேலோடு உருகியதா என்று காட்டும். ஒரே வயதுள்ள இரண்டு கிரானைட்டுகளை இது பிரித்துவிடக்கூடும். நவாஹோவில் வேறு வழியைக் கையாண்டார்கள். கதிரியக்கச் சிதைவில் வரும் ஹீலியம், 200 டிகிரிக்குச் சற்றுக் கீழே குளிர்ந்த பிறகே ஜிர்கானுக்குள் தங்கும். ஆகவே ஒரே மணியில் பிறந்த காலத்தையும் குளிர்ந்த காலத்தையும் அளக்கலாம். பல மணிகள் பிறந்தது 95 முதல் 120 கோடி ஆண்டுக்கு முன், குளிர்ந்ததோ 50 முதல் 22.5 கோடி ஆண்டுக்கு முன். அப்பலாச்சியன் மலைகள் எழுந்து அரிக்கப்பட்ட காலம் அதுவே. பிறந்த வயது மட்டும் தந்த பதிலைவிட இது எவ்வளவோ மேல்.

மணி நேராக அந்த மலையிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

தெரியாது. மேலே சொன்ன தலைவலி இதுதான். ஜிர்கான் அவ்வளவு எளிதில் அழியாது என்பதால், ஒரு மலையிலிருந்து வந்து மணற்பாறையில் உட்கார்ந்து, அந்த மணற்பாறை உயர்ந்து தேய்ந்து, மணி மறுபடி ஆற்றில் இறங்கி, இன்னொரு மணற்பாறையில் போய்ச் சேரலாம். இப்படி எத்தனை சுற்று வேண்டுமானாலும். பழைய வீட்டை இடித்த செங்கல்லால் கட்டிய வீடு போலத்தான்: செங்கல்லின் சூளையைக் கண்டுபிடித்துவிடலாம், நடுவில் அது யார் வீட்டுச் சுவராக இருந்தது என்று செங்கல் சொல்லாது.

மணி நன்றாக உருண்டிருந்தால் பல சுற்று வந்தது என்று நினைப்பார்கள். ஆனால் காற்றில் அடிபட்ட மணி ஒரே சுற்றில் உருண்டுவிடும். நம்பகமான வழி, அவ்வளவு உறுதியில்லாத கனிமங்களைச் சேர்த்துப் பார்ப்பது. அபடைட் அமிலத்தன்மையுள்ள மண்ணிலும் நீரிலும் சீக்கிரம் கரைந்துபோகும். ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறும். இவை நிறைய இருந்து, அவற்றின் வயதோ ஈய விகிதமோ ஒரு மலையோடு பொருந்தினால், மணல் நடுவில் அதிகம் அலையவில்லை என்று நம்பலாம்.

ஜிர்கான் தவிர வேறு எந்தக் கனிமங்கள்?

அபடைட், ரூட்டைல், மோனசைட், டைட்டனைட் ஆகியவற்றை யுரேனியம்–ஈயம் முறையில் கணிக்கலாம். வெள்ளை மைக்காவை, பொட்டாசியம் சிதைந்து வரும் ஆர்கானை அளக்கும் முறையில். ரூட்டைலும் மோனசைட்டும் பெரும்பாலும் உருமாறிய பாறைகளிலிருந்து வருபவை, ஜிர்கான் கவனிக்காமல் விடும் மலையெழுச்சிகளை அவை பதிவுசெய்யும். எல்லாவற்றையும்விட, இங்கிலாந்தின் பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் ஆல்டர் ஸ்டோன் விவகாரத்தைச் சொன்னால் இவற்றின் அருமை புரியும்.

அந்தக் கல் வட்டத்தின் நடுவில் கிடக்கும் 6 டன் மணற்பாறை அது. மற்ற சிறிய கற்கள் வேல்ஸின் பிரெசெலி குன்றுகளிலிருந்து வந்தவை என்று தெரிந்ததால், இதுவும் வேல்ஸ் பக்கத்துச் செம்மணற்பாறையாகத்தான் இருக்கும் என்று நூறு ஆண்டாக நம்பினார்கள். 2024இல், அதிலிருந்து முன்பே பெயர்ந்திருந்த சிறு துண்டுகளின் சீவல்களில் இருந்த மணிகளை லேசரால் கணித்தார்கள். ஜிர்கான்களில் பெரும்பாலானவை 100 முதல் 200 கோடி ஆண்டு, சில அதற்கும் மூத்தவை. வேல்ஸ் படுகையின் வளைவரையோடு ஒட்டவில்லை. ரூட்டைலும் அபடைட்டும் சுமார் 46 கோடி ஆண்டு என்ற வயதைக் கூடுதலாகத் தந்தன. அது ஸ்காட்லாந்து மலைகளில் பாறைக்குழம்பு எழுந்த காலம்.

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தும் தென் பிரிட்டனும் ஐயாபெடஸ் கடலின் எதிரெதிர்க் கரைகளில் இருந்த வேறு வேறு நிலப்பகுதிகள். அதனால்தான் மணிகளில் இவ்வளவு பளிச்சென்று வித்தியாசம். பொருந்திய இடம் வடகிழக்கு ஸ்காட்லாந்தின் ஆர்கேடியப் படுகை, ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து குறைந்தது 750 கிலோமீட்டர்.

இங்கும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பாருங்கள். வேல்ஸ் இல்லை என்பது அழுத்தமான முடிவு. ஆர்கேடியப் படுகை என்பது நல்ல பொருத்தம். அந்தப் படுகைக்குள் எந்தக் குன்றில் கல்லை எடுத்தார்கள் என்பதை வயதுகள் சொல்லவில்லை. அதே ஆண்டில், கனிம அமைப்பைப் பார்த்த வேறொரு ஆய்வு, படுகையின் ஒரு பகுதியான ஆர்க்னித் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவை விலக்கியது.

இந்த முறைக்குக் கண்ணே தெரியாத மூலங்கள் உண்டா?

உண்டு. பசால்ட்டில் ஜிர்கான் மிகக் குறைவு. மணலில் பாதி பசால்ட் மலையிலிருந்து வந்திருந்தாலும் ஜிர்கான் பட்டியலில் அந்த மலை இடம்பெறாமல் போகலாம். மறுபுறம் கிரென்வில் கிரானைட்டுகளில் ஜிர்கான் கொழிக்கிறது, அதனால் சேர்ந்த மணலின் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். முகட்டின் உயரத்தை மணலின் அளவு என்று படிக்கக் கூடாது.

பாறை வெந்து குவார்ட்ஸைட் ஆகிவிட்டால்?

பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஜிர்கானின் கரு தாங்கும். விளிம்பில் புதிதாக வளர்ந்திருந்தால் அது உருமாற்றத்தின் வயதைத் தரும், அதுவும் லாபம்தான். சில மணிகளின் மேல், பாறை புதைந்து இறுகிய பிறகு ஜெனோடைம் என்ற கனிமம் மெல்லிய பூச்சாக வளர்ந்திருக்கும். அதைக் கணித்தால் பாறை இந்தக் காலத்துக்கு முன்பே படிந்துவிட்டது என்று மறுபக்க எல்லையும் கிடைக்கும்.

பூர்வீகம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இந்தியா ஆசியாவோடு எப்போது மோதியது என்ற கேள்வியைப் பாருங்கள். திபெத்தின் தெற்கே, முன்பு இந்தியாவின் வடக்கு விளிம்பில் இருந்த கடலடியில் படிந்த அடுக்குகள் இருக்கின்றன. கீழ் அடுக்குகளில் இந்தியப் பக்கத்துப் பழைய ஜிர்கான்கள் மட்டும். அதற்கு மேலே, சுமார் 6 கோடி ஆண்டுக்கு முன் படிந்த மணற்பாறையில் திடீரென்று ஆசியப் பக்கத்து எரிமலைகளின் இளைய மணிகள். நடுவில் ஆழ்கடல் இருந்தவரை அந்த மணல் இந்தப் பக்கம் வந்திருக்க முடியாது. இரண்டு நிலங்களும் தொட்டுவிட்டன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம்.

எண்ணெய், நிலத்தடி நீர் தேடுபவர்களுக்கும் இது வேண்டும். மணல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்தால், புதைந்துள்ள ஆற்று வழியில் நல்ல மணற்பாறை எந்தப் பக்கம் தொடரும் என்று ஊகிக்கலாம்.

ஒரு கட்டுரையைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மணிகளின் எண்ணிக்கை. எழுபது மணியை வைத்துக்கொண்டு 3 சதவீத முகட்டைப் பற்றிக் கதை சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்து, விலகிய மணிகளை எந்த அளவில் நீக்கினார்கள் என்பது. அப்புறம், பாறையின் உச்சபட்ச வயது ஒரே ஒரு இளைய மணியின் மேல் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு மணி ஈயத்தை இழந்ததாக இருக்கலாம். முந்தைய கல்லின் பொடி அரவையில் ஒட்டியிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம், இது ஆய்வகங்களில் நடக்காத காரியமில்லை. ஒரே வயதில் மூன்று மணியாவது சேர்ந்து நின்றால் பேசலாம்.

கடைசியாக மூலங்களின் பட்டியல். மணற்பாறையிலிருந்து முந்நூறு மணியை அளந்துவிட்டு, அதை ஒப்பிடும் மலைகளுக்கு எங்கோ யாரோ கணித்த நாலைந்து கிரானைட் வயதுகளை மட்டும் வைத்திருப்பார்கள். அந்த மலைகளிலிருந்து இன்று ஓடிவரும் ஆறுகளின் மணலை அதே முறையில் அளந்து பக்கத்தில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால் ஒப்பீட்டில் கனம் இருக்கும். இல்லாவிட்டால், 'பொருந்துகிறது' என்ற சொல்லுக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.